விண்டோஸ் 10 விடைபெற்ற பின்: பழைய மடிக்கணினிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது லினக்ஸா, உள்ளிருக்கும் பாகங்களா?

புதுதில்லி: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டது. திரை, விசைப்பலகை, செயலி என அனைத்தும் நல்ல நிலையில் இருந்தும், பாதுகாப்பாகப் பயன்படுத்த இயலாதவை என்ற பட்டியலில் கோடிக்கணக்கான கணினிகள் இதனால் சேர்ந்துள்ளன. உலகம் முழுவதும் ஏறத்தாழ 24 கோடி கணினிகள் மின்னணுக் கழிவாக மாறக்கூடும் என்று சந்தை ஆய்வு நிறுவனமான கேனலிஸ் 2023 டிசம்பரிலேயே மதிப்பிட்டிருந்தது.

இந்தியாவைப் பொறுத்தவரை இது செல்வந்தர்களின் மேசையில் இருக்கும் கணினிகளைப் பற்றிய கவலை அன்று. பெருநிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் தில்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகள் வழியாக மாணவர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் சென்றடைகின்றன. அரசுப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களும் சிறு அலுவலகங்களும் பல ஆண்டுகள் பழைய கருவிகளை நம்பியே இயங்குகின்றன. இந்தக் கருவிகளுக்கு முன்வைக்கப்படும் மாற்று வழி, லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட திறமூல இயங்குதளங்கள். அவை இலவசமாகக் கிடைக்கின்றன; ஆனால், எல்லா மடிக்கணினிகளிலும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அதை யாரால் சரிசெய்ய முடியும் என்பதே இப்போது எழும் முதன்மைக் கேள்வி.

தடை எங்கே தொடங்கியது?

2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, வன்பொருளுக்குக் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு கட்டாயமாக்கப்பட்டது. இன்டெல் செயலிகளில் ஒருசில விதிவிலக்குகள் தவிர 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும், ஏஎம்டி செயலிகளில் பொதுவாக ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே ஏற்கப்பட்டன. இதன் விளைவாக, 2017 அல்லது அதற்கு முன் வாங்கப்பட்ட மடிக்கணினிகளில் பெரும்பாலானவை தகுதி இழந்தன.

பழைய கணினியை வைத்திருப்போருக்கு மைக்ரோசாஃப்ட் ஓராண்டு நீட்டிப்பை அறிவித்தது. தனிநபர்கள் 30 டாலர் செலுத்தியோ, கணினி அமைப்புகளைத் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைத்தோ 2026 அக்டோபர் வரை புதுப்பிப்புகளைப் பெறலாம் என்பது அந்த அறிவிப்பு. நிறுவனங்களுக்கான கட்டணம் ஒரு கணினிக்கு முதல் ஆண்டில் 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும். அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். முடிவை ஒத்திவைக்க இந்த ஏற்பாடு உதவும். ஆனால், நூறு கணினிகள் கொண்ட ஒரு சிறு நிறுவனத்துக்கு முதல் ஆண்டிலேயே 6,100 டாலர் என்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய தொகை அன்று.

இயக்கி என்னும் பாலம்

எந்த இயங்குதளமாக இருந்தாலும், வைஃபை சில்லு, வரைகலைச் செயலி, கேமரா போன்ற ஒவ்வொரு பாகத்துடனும் பேசுவதற்கு 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள் தேவை. விண்டோஸுக்கான இயக்கிகளைப் பாகங்களைத் தயாரிக்கும் நிறுவனங்களே எழுதி வழங்குகின்றன. விற்பனைக்கு அது இன்றியமையாதது. லினக்ஸில் இரண்டு வழிகள் உள்ளன. தயாரிப்பு நிறுவனமே இயக்கியை எழுதி லினக்ஸ் கருவில் சேர்க்க வேண்டும். அவ்வாறு செய்யாதபோது, அந்தச் சில்லு எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தன்னார்வ நிரலாளர்கள் வெளியிலிருந்து ஆராய்ந்து எழுத வேண்டும்.

இதில் ஓர் ஆதாயமும் உண்டு. ஒரு பாகத்துக்கான இயக்கி லினக்ஸ் கருவில் சேர்க்கப்பட்டுவிட்டால், தயாரிப்பு நிறுவனம் அந்தப் பாகத்தைக் கைவிட்ட பிறகும் அது பல ஆண்டுகள் தொடர்ந்து பராமரிக்கப்படுகிறது. எட்டு, பத்து ஆண்டுகள் பழைய மடிக்கணினிகள் பெரும்பாலும் எந்தத் தனி இயக்கியும் நிறுவாமலேயே லினக்ஸில் இயங்குவதற்கு இதுவே காரணம். சிக்கல் எழுவது பெரும்பாலும் சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆன புதிய மடிக்கணினிகளில்தான். பழைய கருவியில் லினக்ஸ் இயங்குமா என்று தயங்குவோர் பலர். உண்மையில், கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுவது புதிய கருவியை வாங்கும்போது.

நிலைபொருள் எனப்படும் 'ஃபர்ம்வேர்' மற்றொரு அடுக்கு. இயக்கி திறமூலமாக இருந்தாலும், பல வைஃபை சில்லுகள் இயங்கத் தொடங்கும்போது நிறுவனத்தின் மூடிய நிலைபொருள் கோப்பு ஒன்றை ஏற்றியாக வேண்டும். கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக இருந்த டெபியன் அமைப்பு, இத்தகைய கோப்புகளைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் நீண்ட காலம் சேர்க்கவில்லை. இணைய இணைப்பு கிடைக்க வைஃபை வேண்டும். வைஃபை இயங்கவோ இணையத்திலிருந்து கோப்பைப் பதிவிறக்க வேண்டும் என்ற முட்டுக்கட்டையில் பயனர்கள் சிக்கினர். 2022இல் நடந்த உள்வாக்கெடுப்பில் டெபியன் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல் இந்தக் கோப்புகள் நிறுவியிலேயே இடம்பெறுகின்றன.

எந்தப் பாகம் எப்படி?

இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் தங்கள் வரைகலைச் செயலிகளுக்கான இயக்கிகளைத் திறமூலமாகவே வழங்குகின்றன. எனவே, செயலியுடன் இணைந்த வரைகலை வசதி கொண்ட மடிக்கணினிகளில் திரை தொடர்பான சிக்கல் அரிது. என்விடியாவின் நிலை வேறு. பல ஆண்டுகள் மூடிய இயக்கிகளையே வழங்கிவந்த அந்நிறுவனம், 2022 மே மாதத்தில்தான் தன் கருநிலை இயக்கிப் பகுதிகளைத் திறமூலமாக வெளியிட்டது. அதுவும் 2018க்குப் பிந்தைய டியூரிங் வரிசை முதலான செயலிகளுக்கு மட்டுமே பொருந்தும். அதற்கு முந்தைய மேக்ஸ்வெல், பாஸ்கல் வரிசைகளுக்கான ஆதரவு 580 எண் கொண்ட இயக்கித் தொடருடன் முடிகிறது. பழைய 'கேமிங்' மடிக்கணினிகளை வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

வைஃபையில் இன்டெல் சில்லுகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. மீடியாடெக், ரியல்டெக் சில்லுகளுக்கான ஆதரவு அண்மை ஆண்டுகளில் மேம்பட்டுள்ளது. இருப்பினும், மிகப் புதிய சில்லுகளுக்குப் புதிய கருப் பதிப்பு தேவைப்படலாம். பழைய மடிக்கணினிகளில் உள்ள பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கு மூடிய இயக்கியைத் தனியாக நிறுவ வேண்டியுள்ளது. அந்நேரத்தில் கைப்பேசியை யூஎஸ்பி கம்பி வழியாக இணைத்து இணைய வசதி பெறுவது நடைமுறைத் தீர்வு.

கேமராவில் ஒரு முரண் உள்ளது. பழைய மடிக்கணினிகளின் கேமராக்கள் யூஎஸ்பியின் பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் உடனே இயங்குகின்றன. அண்மைய உயர்விலை மடிக்கணினிகள் சிலவற்றிலோ, கேமரா உணரி இன்டெல்லின் ஐபியு6 என்னும் படச் செயலாக்கப் பகுதியுடன் நேரடியாக இணைக்கப்பட்டுள்ளது. இதற்கான அடிப்படை இயக்கி 2024 ஜூலையில் வெளியான லினக்ஸ் 6.10 பதிப்பில்தான் கருவில் இடம்பெற்றது. அதுவரை, அதிக விலை கொடுத்து வாங்கிய கருவியில் காணொலிக் கூட்டத்துக்கே வழியில்லாத நிலை பலருக்கு இருந்தது.

உறக்கநிலை மற்றொரு பலவீனம். பழைய மடிக்கணினிகள் எஸ்3 எனப்படும் ஆழ்ந்த உறக்கநிலைக்குச் செல்லும். மின்கலம் மிகக் குறைவாகவே செலவாகும். புதிய கருவிகள் பலவற்றில் அந்த வசதி நீக்கப்பட்டு, கைப்பேசியைப் போல விழிப்புக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட முறை புகுத்தப்பட்டுள்ளது. இம்முறையில் ஒவ்வொரு பாகமும் குறைந்த மின்நிலைக்குச் சென்றாக வேண்டும். ஒன்று தவறினாலும், மூடிப் பையில் வைத்த மடிக்கணினி சூடாகி, மின்கலம் தீர்ந்துவிடும்.

கைரேகை உணரிகளில் சில வகைகள் மட்டுமே ஆதரிக்கப்படுகின்றன. எனினும், கடவுச்சொல் இருப்பதால் இது பயன்பாட்டை முடக்கும் குறை அன்று. ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி நிறுவியின் கண்ணில் படவே இல்லை என்றால், பயாஸ் அமைப்பில் இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறை இயக்கத்தில் இருப்பது காரணமாக இருக்கலாம். விண்டோஸையும் உடன் வைத்துக்கொள்ள விரும்புவோர், பிட்லாக்கர் குறியாக்கத்தின் மீட்புச் சாவியைக் குறித்துவைக்காமல் இந்த அமைப்பை மாற்றினால் தங்கள் கோப்புகளை இழக்கும் ஆபத்து உண்டு.

பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு

'இந்த மாடலில் லினக்ஸ் இயங்குமா?' என்ற கேள்விக்கு நேரடியான விடை கிடைக்காததற்கு ஒரு காரணம், மாடல் பெயருக்கும் உள்ளிருக்கும் பாகங்களுக்கும் உறுதியான தொடர்பு இல்லாததே. ஒரே பெயரில் விற்கப்படும் இரு மடிக்கணினிகளில் ஒன்றில் இன்டெல் வைஃபையும் மற்றொன்றில் ரியல்டெக் வைஃபையும் இருக்கலாம். கடை விளம்பரத்தில் செயலி, ரேம், சேமிப்பகம் ஆகியவை இடம்பெறுகின்றன. வைஃபை சில்லின் பெயரோ கேமராவின் இணைப்பு முறையோ இடம்பெறுவதில்லை.

உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், சோதித்துச் சான்றளித்த மடிக்கணினிகளின் பட்டியலைப் பராமரிக்கிறது. டெல் நிறுவனம் 2012 முதல் எக்ஸ்பிஎஸ் 13 வரிசையில் உபுண்டு நிறுவிய பதிப்புகளை விற்றுவந்துள்ளது. லெனோவா 2020இல் தன் திங்க்பேட் பி வரிசை முழுமைக்கும் லினக்ஸ் சான்று பெறுவதாக அறிவித்தது. பயாஸ் புதுப்பிப்புகளை லினக்ஸ் வழியாகவே வழங்கும் எல்விஎஃப்எஸ் என்னும் பொதுச் சேவையில் டெல், லெனோவா, ஹெச்பி ஆகியவை பங்கேற்கின்றன. ஆனால், இவ்வகைச் சான்றுகள் பெரும்பாலும் வணிக வரிசைகளுக்கே கிடைக்கின்றன. மாணவர்கள் அதிகம் வாங்கும் குறைந்த விலை வரிசைகளில் இவை அரிது. நிறுவனங்கள் கழித்து விற்கும் பழைய வணிக மடிக்கணினி, அதே விலையில் கிடைக்கும் புதிய மலிவு மடிக்கணினியைவிட லினக்ஸுக்கு ஏற்றதாக அமைவது இதனால்தான்.

தனிநபருக்கு இருக்கும் மிக நம்பகமான சோதனை எளியது. பென்டிரைவில் இயங்குதளத்தை ஏற்றி, எதையும் நிறுவாமல் மடிக்கணினியை அதிலிருந்து தொடங்கிப் பார்க்க முடியும். வைஃபை, ஒலி, கேமரா, திரையின் வெளிச்சம், மூடித் திறந்த பின் விழித்தெழுதல் ஆகிய ஐந்தையும் பத்தே நிமிடங்களில் சோதித்துவிடலாம். பழைய மடிக்கணினியை வாங்குவோர் கடையிலேயே இதைச் செய்துபார்ப்பது நல்லது.

மடிக்கணினிக்கு வெளியே இருக்கும் தடைகள்

இந்தியச் சூழலில், மடிக்கணினி முழுமையாக இயங்கினாலும் அதனுடன் இணைக்கப்படும் கருவிகள் தடையாகலாம். வருமான வரி, ஜிஎஸ்டி, நிறுவனப் பதிவு, மின்னணு ஒப்பந்தப்புள்ளி ஆகியவற்றுக்கு எண்முறைக் கையொப்பம் கொண்ட யூஎஸ்பி டோக்கன் தேவைப்படுகிறது. அந்த டோக்கனுக்கும், இணையதளம் கோரும் துணைச் செயலிக்கும் லினக்ஸ் பதிப்பு இருக்கிறதா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும். ஆதார் அடிப்படையிலான கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் முன்வைத்தே வழங்கப்படுகிறது. பொதுச் சேவை மையம் நடத்துபவருக்கோ கணக்காளருக்கோ இது வெறும் வசதிக் குறைவு இல்லை, தொழிலே நின்றுவிடும். மாணவர், எழுத்தாளர், உலாவியிலேயே பெரும்பாலான வேலையை முடிக்கும் அலுவலர் ஆகியோருக்கு இத்தடை இல்லை. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் யூனிகோடு எழுத்துருக்களும் தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

மாநிலங்கள் காட்டிய வழி

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செயல்படுத்திய மாநிலம் கேரளம். அங்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் கைட் நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கெனத் தனி இயங்குதளத் தொகுப்பை உருவாக்கி வழங்குகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இதைப் பயன்படுத்துவதால் உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று 2019இல் கைட் தெரிவித்தது. உரிமக் கட்டணத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதைப் பொறுத்து இத்தொகை குறித்து விவாதிக்கலாம். ஆனால், பாடநூல், ஆசிரியர் பயிற்சி, மென்பொருள், கணினி ஆய்வகம் ஆகிய நான்கும் ஒரே திசையில் திட்டமிடப்பட்டன என்பதே அங்கு கற்க வேண்டிய பாடம்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய இயங்குதளம். அதன் முதல் பதிப்பு 2007இல் வெளியானது. இரு இயங்குதளங்களும் அமர்ந்திருந்த அந்த மடிக்கணினிகளுக்கு இன்றும் ஒரு பயன் உண்டு. திறமூல இயங்குதளத்தில் இயங்கும் என்ற நிபந்தனையுடன் வாங்கப்பட்டதால், விண்டோஸ் ஆதரவு முடிந்த பின்னரும் வேறு வழி அவற்றுக்குத் திறந்தே இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இத்தனை பெரிய எண்ணிக்கையில் கருவிகள் வாங்கப்படும்போது, உள்ளிருக்கும் வைஃபை சில்லு எது என்பதுகூட ஒரு பொதுக் கொள்கை சார்ந்த கேள்வியாகிவிடுகிறது.

மத்திய அரசிலும் முயற்சிகள் உண்டு. பாதுகாப்பு அமைச்சகக் கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றாக, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா இயங்குதளம் நிறுவப்படவிருப்பதாக 2023 ஆகஸ்டில் செய்திகள் வெளியாயின. மென்பொருளுக்கான திறமூலக் கொள்கையை மத்திய அரசு 2015லேயே அறிவித்துவிட்டது. அரசுத் துறைகள் மென்பொருள் வாங்கும்போது திறமூலத்தையும் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். அதை விலக்கினால் காரணம் கூற வேண்டும் என்பது அதன் சாரம்.

இடைவெளி வன்பொருளில்

அந்தக் கொள்கையின் பார்வை மென்பொருளின் மீதே இருந்தது. ஒரு துறை திறமூல இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க விரும்பினாலும், ஏற்கெனவே வாங்கிய ஐந்நூறு மடிக்கணினிகளின் வைஃபை சில்லுக்கு லினக்ஸ் இயக்கி இல்லையென்றால் அந்த விருப்பம் ஏட்டளவில் நின்றுவிடும். தேர்வுச் சுதந்திரம் மென்பொருள் கொள்முதலின்போது பறிபோவதில்லை; அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் வன்பொருள் கொள்முதலின்போதே அது முடிவாகிவிடுகிறது.

உள்நாட்டு உற்பத்தியும் இதைத் தானாகத் தீர்த்துவிடாது. தகவல் தொழில்நுட்ப வன்பொருளுக்கான இரண்டாம் கட்ட உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2023இல் மத்திய அரசு 17,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மடிக்கணினி இந்தியாவில் பொருத்தப்பட்டாலும், வைஃபை, வரைகலை, கேமரா சில்லுகளும் அவற்றுக்கான நிலைபொருளும் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. அவற்றின் இயக்கிகளைத் திறந்துவிடும்படி கேட்கும் வலிமை தனி வாடிக்கையாளருக்கு இல்லை. லட்சக்கணக்கில் வாங்கும் அரசுகளுக்கு உண்டு.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களிலும், அரசின் ஜெம் கொள்முதல் தளத்தின் மடிக்கணினி விவரக்குறிப்பிலும் மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தாலே போதும். அனைத்துப் பாகங்களும் லினக்ஸ் கருவில் ஏற்கெனவே உள்ள இயக்கிகளால் இயங்க வேண்டும். வைஃபை, கேமரா, வரைகலைச் சில்லுகளின் சரியான பெயர்கள் குறிப்பிடப்பட வேண்டும். பயாஸ் புதுப்பிப்புகள் விண்டோஸ் இல்லாமலும் நிறுவக்கூடியவையாக இருக்க வேண்டும். விண்டோஸையே தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் துறைக்கும் இந்த நிபந்தனைகளால் இழப்பில்லை. கருவியின் இரண்டாவது வாழ்க்கைக்கு அவை காப்பீடாக அமையும்.

பழுதுபார்க்கும் உரிமை குறித்த விவாதத்துடனும் இதை இணைக்க இடமுண்டு. கருவிகளுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வழங்குவது பற்றி நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அதில் முன்னுரிமை தரப்பட்டது. மடிக்கணினிகளுக்கு அது விரிவாக்கப்படும்போது, உதிரிபாகம் கிடைக்குமா என்பதுடன், வேறு இயங்குதளத்தை நிறுவ முடியுமா என்பதும் மதிப்பெண்ணில் இடம்பெற வேண்டும். மென்பொருள் ஆதரவு முடிவதால் செயலிழக்கும் கருவியும் பழுதான கருவியே.

எல்லைகளும் உண்டு

திறமூல இயங்குதளம் எல்லாக் கருவிகளையும் காப்பாற்றிவிடாது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32-பிட் செயலிகளுக்கான நிறுவியை வழங்குவதை நிறுத்திவிட்டது. 2 ஜிபி ரேமும் பழைய ஹார்டு டிஸ்க்கும் கொண்ட மடிக்கணினியில் எந்த இயங்குதளத்தை நிறுவினாலும் இன்றைய இணையதளங்கள் திணறவே செய்யும். மறுமுனையில், ஏஆர்எம் வகைச் செயலிகள் கொண்ட புதிய மடிக்கணினிகள் புதிய தடையை எழுப்புகின்றன. ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் செயலியில் லினக்ஸ் மடிக்கணினி தயாரிக்க முயன்ற ஜெர்மனியின் டக்ஸீடோ நிறுவனம் 2025 நவம்பரில் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளில் லினக்ஸை இயக்கும் அசாஹி திட்டம், எம்1, எம்2 கருவிகளில் கண்ட முன்னேற்றத்தைப் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலேயே எட்டியது.

இந்த இரு முனைகளுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ 2012 முதல் 2017 வரையிலான இன்டெல், ஏஎம்டி மடிக்கணினிகளே இப்போது விண்டோஸ் ஆதரவை இழந்து நிற்பவை. லினக்ஸ் ஆதரவு மிகவும் முதிர்ந்திருப்பதும் இவற்றில்தான். ரேமை 8 ஜிபியாக உயர்த்தி, ஒரு எஸ்எஸ்டி பொருத்தினால் இவற்றில் பலவற்றை இன்னும் சில ஆண்டுகள் வகுப்பறையில் பயன்படுத்த முடியும். அவற்றைக் கழிவாக எண்ணி எடைக்குப் போடுவதற்கு முன், ஒரு பென்டிரைவைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதைப் பள்ளிகளும் அலுவலகங்களும் வழக்கமாக்கிக்கொள்ளலாம். இன்று வாங்கப்படும் மடிக்கணினிகளுக்கும் பத்து ஆண்டுகள் கழித்து அதே வாய்ப்பு இருக்குமா என்பது, இப்போது எழுதப்படும் ஒப்பந்தப்புள்ளிகளின் வரிகளைப் பொறுத்தது.